வேலிக்குள் வீசிய பாலை விதைகள்

ஜூலை, சனிக்கிழமை, காலை ஆறரை மணி.

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு வெளியே நௌசாத் ஓட்டோவை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார். கிண்ணியாக்காரர். போன வருடமும் என்னை ஏற்றிக்கொண்டு காடு காடாக அலைந்தவர். திரியாய்ப் பக்கத்து ஒதுக்குக் காட்டுக்குப் போய்த் திரும்ப ஒன்பதாயிரம் ரூபா என்று முதல்நாளே தொலைபேசியில் பேசி முடித்திருந்தோம். நான் கொண்டுவந்திருந்த பழைய சேலைகளையும் சணல் சாக்குகளையும் வாளியையும் அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"என்னக்கா, காட்டுக்க குடித்தனம் பண்ணவா போறீங்க?"

"பாலைப்பழம் பொறுக்கப் போறன்."

"ஓ, அந்த விசர் இன்னும் தெளியல்லியா?"

தெளியவில்லை. மட்டக்களப்பில் என் வீட்டு வளவில் காட்டு மரங்களுக்கு மட்டும் ஒரு நாற்றுமேடை வைத்திருக்கிறேன். ரோஜாவும் குரோட்டனும் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதாலேயே ஊரில் எனக்குத் திமிர்பிடித்தவள் என்று பெயர். இந்தமுறை பயணம் சம்பூருக்காக. அங்கே யோகேஸ்வரி என்ற பெண் மாடு வளர்த்துத் தயிர் விற்கிறார். 2006 போரில் ஊரோடு ஓடி, அகதி முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்து, திரும்பி வந்தபோது அவர்களுடைய மேய்ச்சல் தரையில் ஒரு மரம்கூட இருக்கவில்லை. மத்தியான வெயிலில் மாடுகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன, பால் வற்றிப் போகிறது. "அக்கா, நாலு பாலையும் வீரையும் நட்டுத் தாங்கோ, என்ர பிள்ளையளின்ர மாடாவது நிழலில படுக்கட்டும்" என்று போன வருடம் அவர் கேட்டார். போன வருடம் பாலை மரம் காய்க்கவில்லை. பாலை அப்படித்தான், அதற்கு மனம் வந்தால்தான் காய்க்கும். இந்த வருடம் காய்த்துக் கொட்டுகிறது என்று தகவல் வந்ததும் புறப்பட்டுவிட்டேன். இதை விட்டால் அடுத்த நல்ல காய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

உப்புவெளி தாண்டும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. ஒரு ஹோட்டல் வாசலில், எந்த நாட்டிலிருந்தோ கொண்டுவந்த ஈச்ச மரங்களுக்கு நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, தண்டில் ஈரச்சாக்குச் சுற்றி, நோயாளியைப் பராமரிப்பதுபோலப் பராமரிக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே நூறு வருடம் நிற்கிற மரம் பக்கத்துக் காட்டில் இருக்கிறது. அது யாருக்கும் கண்ணில் படாது.

நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி. கடல் வலப்பக்கம் வருவதும் மறைவதுமாக இருந்தது. குச்சவெளியில் வீதியோரம் ஒரு பெண் பெட்டியில் பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நௌசாத் ஒரு சுண்டு அளந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மஞ்சளாய், கொட்டைப்பாக்கு அளவில், தேன் மாதிரிப் பழம். நாலைந்து தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

"கொட்டையத் துப்பிராதீங்க நௌசாத், வாளிக்குள்ள போடுங்க."

"நான் சூப்பின கொட்டையில மரம் முளைச்சா அதுக்கு என்ட பேரத்தான் வைக்கணும்" என்றார், ஒட்டிய உதட்டைப் பிரித்துக்கொண்டு. அதன்பிறகு திரியாய் வரும் வரை வாளிக்குள் கொட்டை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திருகோணமலையிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீற்றர் அளவில் ஒதுக்குக் காட்டின் வாசல் வந்தது. காவலர் சிவநேசன் திரியாய் ஊரவர். என் அனுமதிக் கடிதத்தை வாங்கிப் பார்த்தவர், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்கோ. ஆனா நீங்கள் கொஞ்சம் பிந்தி வந்திட்டியள்" என்றார்.

பழம் உதிர்ந்து முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், நான் மூன்று வருடமாக அடையாளம் பார்த்து வைத்திருந்த தாய்மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. கிளைகளைக் கத்தியால் அல்ல, இயந்திர வாளால் அறுத்திருக்கிறார்கள். அறுத்த கிளைகள் காய்ந்த இலையோடு கீழே குவிந்து கிடந்தன. வெட்டுவாய்களில் பால் வடிந்து கறுத்து உறைந்திருந்தது. நான் அந்த இடத்திலேயே தரையில் குந்திவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

விதை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மரத்தடியில் சேலையை விரித்துவிட்டு ஒதுங்கி இருக்க வேண்டும். மரமாக உதிர்த்ததைத்தான் எடுக்கலாம், உலுக்கவும் கூடாது. ஒரு மரத்திலேயே எல்லாவற்றையும் வாரக் கூடாது. பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, கரடிக்கும் குரங்குக்கும் பறவைக்கும் பங்கு விட்டுவிட்டு வர வேண்டும். இது பொதுக்காடு. எனக்கு இருக்கிற உரிமைதான் கரடிக்கும் இருக்கிறது.

"யார் செய்தது?" என்று கேட்டேன்.

"ஒரு கம்பனியின்ர ஒப்பந்தக்காரர். மரம் நடுகிற திட்டமாம். விதை பொறுக்க அனுமதி எடுத்துக்கொண்டு வந்தவை. நான் மற்றப் பக்கம் ரோந்து போட்டு வந்தனான், வந்து பார்த்தா இப்பிடி. மறிச்சனான் அக்கா. 'நாங்களும் காடு வளர்க்கத்தானே அண்ணை வெட்டுறம்' எண்டு சொல்லிப்போட்டு லொறியை எடுத்தினம். மேலிடத்துக்கு அறிவிச்சிருக்கிறன்."

"எங்க நடப் போகினமாம்?"

"சம்பூரிலயாம். நாளைக்கு விழாவாம்."

நௌசாத்தும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

லொறியில் ஏற்ற மறந்துபோன ஒரு மூட்டை வாசல் பக்கம் கிடந்தது. பிளாஸ்டிக் உரப்பை. காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, ஒரு கிழமையாக வெயிலில் கிடந்திருக்கிறது. அவிழ்த்ததும் கள்ளுப் பானையைத் திறந்த மாதிரிப் புளித்த வாடை அடித்தது. உள்ளே கைவைக்க முடியாத சூடு. முக்கால்வாசி பச்சைக் காய். ஒன்றை நகத்தால் பிளந்தேன். முற்றிய பாலை விதை கபில நிறத்தில் மினுங்கும், கல் மாதிரி இருக்கும். இது வெள்ளையாக, சோற்றுப் பருக்கை மாதிரி நசிந்தது. முற்றியிருந்த கொஞ்சமும் அந்தப் பைக்குள் அவிந்து செத்துவிட்டது. பழத்தைச் சதை கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் போகிற சாக்கில் வைக்க வேண்டும் என்று கூடத் தெரியாதவர்களுக்கு இயந்திர வாள் எதற்கு?

அன்று பின்னேரம் வரை காட்டின் உட்பக்கம் நடந்தோம். லொறி போக முடியாத ஓர் ஓடைக்கரையில் ஏழெட்டுப் பாலைகளும் சில வீரை மரங்களும் தப்பியிருந்தன. வீரையில் பழுத்தது கொஞ்சம்தான். சேலைகளை விரித்தோம். சிவநேசனும் வந்து பொறுக்கினார். நாலு சாக்கு கொண்டுபோன நான் ஒரு சாக்கில் பாதியோடு திரும்பினேன்.

திரும்பும் வழியில் நௌசாத் சொன்னார்: "நாளைக்கு நீங்க பஸ்ஸில போவாணாம் அக்கா. சம்பூருக்கு நான் கொண்டு போறன். பெற்றோலுக்கு மட்டும் தாங்க. மரத்த வெட்டின அந்த ஆக்கள எனக்கும் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே மூதூர் போய், கட்டைபறிச்சானில் தேநீருக்கு நின்றோம். கடையில் இருந்தவரிடம் சம்பூரில் இன்று என்ன விசேடம் என்று கேட்டேன். "விதைப்பந்து எறியினமாம். எறியிற ஆக்களுக்குச் சாப்பாட்டுப் பார்சலும் தொப்பியும் குடுக்கினம்" என்றார்.

யோகேஸ்வரியின் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அவர் மேய்ச்சல் தரையின் ஓரத்தில், வெயிலில், தன் மாடுகளோடு நின்றார். மாடுகளுக்கும் புல்லுக்கும் நடுவே புதிதாக ஒரு முள்ளுக்கம்பி வேலி. வேலியில் பெரிய பச்சைப் பலகை: மீள்காடாக்கல் நிலம், கால்நடைகளை உட்செலுத்துதல் தடை.

"எப்ப போட்டவை?" என்றேன்.

"போன கிழமை. மரம் வைக்கப் போறம், நிழல் வரும், கையெழுத்து வையுங்கோ எண்டு வந்தவை. நீங்கள் அனுப்பின ஆக்கள் எண்டு நினைச்சு நாங்கள் எல்லாரும் வைச்சம் அக்கா."

ஒரு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த அதே சொற்களை, மரம், நிழல், மாடு என்று, வேறு யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் நம்பியிருக்கிறார்கள். ஏன் நம்பமாட்டார்கள்?

வேலிக்கு உள்ளே வெள்ளை டி-சேர்ட் போட்ட ஒரு கூட்டம், களிமண் உருண்டைகளைக் கூடையிலிருந்து எடுத்து எறிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எறிக்கும் ஒரு படம். சரியாக விழவில்லை என்று படம் பிடிக்கிறவர் சொன்னால் மறுபடி எறிந்தார்கள். நான் கம்பிக்கு இடையால் நுழைந்தேன். சேலை கிழிந்தது. கழுத்தில் அட்டை தொங்கிய இளைஞர் ஒருவர் ஓடிவந்தார்.

"மிஸ், நீங்க பதிஞ்சிட்டீங்களா? தொப்பி அங்க இருக்கு."

நான் அவருடைய கூடையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து உடைத்தேன். உள்ளே அதே சோற்றுப் பருக்கை. இன்னொன்று. அதிலும் அதே. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் களி.

"தம்பி, இது செத்த விதை. இதுக்காகத் திரியாயில மரத்தையெல்லாம் மொட்டையடிச்சிருக்கு, தெரியுமா?"

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். முகம் மாறியது. கெட்ட பையன் இல்லை. ஆனால் உடனே சொன்னார்: "விதை சப்ளை வேற ஆக்கள் மிஸ். எங்கட பொறுப்பு நிகழ்ச்சி மட்டும்தான்."

"அப்ப முளைக்கிறது ஆருட பொறுப்பு?"

என்னிடம் அதற்குமேல் நல்ல வார்த்தை இருக்கவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. படம் பிடிக்கிறவர் கமராவைத் தாழ்த்திவிட்டார். நௌசாத் தன் பங்குக்கு, "மாடு திங்கிற புல்ல மறிச்சிட்டு மண்ணாங்கட்டி விளையாடுறீங்களே, வெக்கமா இல்லியா?" என்று வேலிக்கு வெளியே நின்று கத்தினார். அவர்கள் மீதிக் கூடைகளை அவசரமாக அப்படியே கொட்டிவிட்டு, வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பலகை நின்றது. வேலி நின்றது.

யோகேஸ்வரி கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, மரம் முளைச்சு ஆள் உயரம் வந்தால் வேலியை எடுப்பம் எண்டு சொன்னவை. இது முளைக்குமா?"

"முளைக்காது."

"ஒண்டும்?"

"ஒண்டும் முளைக்காது, யோகேஸ்வரி."

ஒரு மாடு கம்பிக்கு மேலால் கழுத்தை நீட்டிப் புல்லை எட்டப் பார்த்தது, எட்டவில்லை.

"அப்ப வேலியை எப்ப எடுப்பினம்?" என்று யோகேஸ்வரி கேட்டார்.

நான் ஓட்டோவிலிருந்து அரைச் சாக்கை இறக்கினேன். என்னிடம் இருக்கிற நல்ல விதையை இந்த நிலத்துக்குள்ளேயே ஊன்றிவிடுவோம், மழை பெய்தால் வந்துவிடும், மரம் வந்தால் வேலி போகும்தானே என்றேன். கம்பியை மறுபடி தூக்கவும் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளுக்குப் போடாதேங்கோ. முளைச்சால் அவையின்ர மரம் எண்டு ஆகிப்போடும். பிறகு நிலமும் அவையின்ரதான். நாங்கள் ஒருக்கா விட்டிட்டு ஓடின ஆக்கள் அக்கா. வெளியால போடுங்கோ."

அன்று பின்னேரம் வரை வெளியால்தான் போட்டோம். மாடு போகிற ஒழுங்கையின் இரு பக்கமும், கிணற்றடிகளிலும், யோகேஸ்வரியின் கொட்டிலைச் சுற்றியும். ஒவ்வொரு குழிக்கும் முள் வெட்டி வளையமாக அடைத்தோம். அயல் வீட்டுப் பெண்கள் வெற்றுப் பால் உறைகளில் மண் நிரப்பி ஆளுக்குக் கொஞ்சம் விதை கொண்டுபோனார்கள். ஒருவரும் தொப்பி கேட்கவில்லை.

நௌசாத் மூதூரில் என்னை மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வெருகல் தாண்டும்வரை என் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் ஊரிலும் இப்படிப் பச்சைப் பலகைகள் இருக்கின்றன. காய்ந்த கன்றுகளுக்கு முன்னால் நின்று எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன், இவர்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்று. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் யாருடைய மாடு நின்றது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. யோகேஸ்வரியின் தரையில் செத்த விதையைத் தூவியதால் அந்தக் கம்பனிக்கு ஒரு சதம் நட்டமில்லை. முளைத்தால்தானே அவர்கள் வேலியை எடுக்க வேண்டும்.