முன்கேட் வழியாக வந்த எறா

தேசம்மாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பேர் சங்கமித்ரா, பிறந்தது வியாசர்பாடி, வேலை திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் கிளார்க். 2006-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐஸில் ஊறிப்போன வஞ்சிரத்தை வாங்கி வந்து, கழுவக் கழுவ நாற்றம் போகாமல் அப்படியே குப்பையில் கொட்டினேன். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு செத்து நாலு நாளான மீனைத் தின்ன நமக்கென்ன தலையெழுத்தா? அந்த ஆத்திரத்தில்தான் எங்கள் சந்தை ஆரம்பமானது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றுப் பத்து வீடு. ஒரு மெயில் குரூப் இருந்தது. தண்ணி லாரி எப்போது வரும், யார் ஸ்கூட்டர் வழியை மறிக்கிறது என்பதைத் தவிர அதில் ஒன்றும் வராது. அன்று மத்தியானமே கலீலுல்லாவின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டி அனுப்பினேன். விளைவிக்கிறவரிடமே முன்கூட்டிச் சொல்லி வாங்கலாம். என்ன கிடைக்கும் என்று வியாழக்கிழமை நான் பட்டியல் போடுகிறேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் யாருக்கு எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு சைக்கிள் ஸ்டாண்டில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூரிலிருந்து துரை என்பவர் கீரையும் வெண்டைக்காயும் கொண்டுவந்தார். முதல் வாரம் ஏழு வீடு. மூன்றாம் வாரம் நாற்பது. மெயில் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி எனக்குப் படபடக்கும். ஐந்தாம் வாரம் ஒருவர் கேட்டார், கீரை சரி, மீன் எப்போது? அடுத்த அரை மணியில் பதினாறு மெயில், எல்லாம் அதே கேள்வி.

எனக்குத் தெரிந்த மீன்காரி ஒருத்திதான். காத்திவாக்கத்துக் குப்பத்துத் தேசம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் பிடித்த இறாலை, அவள் பேச்சில் எறாவை, கூடையில் சுமந்து, எங்கள் குடியிருப்பின் பின்கேட்டுக்கு வெளியே, குப்பைத் தொட்டி ஓரமாக உட்கார்ந்து விற்பாள். உள்ளே விடமாட்டார்கள். படிக்கட்டில் தண்ணி சொட்டும், நாற்றம் அடிக்கும் என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானமே போட்டிருந்தார்கள். ஐஸ் வைத்த வஞ்சிரத்தை லிப்டில் கொண்டுபோனால் மட்டும் மணக்கும் போலிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் எறாவை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"கம்பூட்டர்ல எறா கேக்குறாங்களா? அத்த யாரு புடிச்சிக் குடுப்பா, கம்பூட்டரா?"

"நீதாங்கா. முன்னாடியே சொல்லிடுவாங்க, நீ அளவா கொண்டாந்தா போதும். வெயில்ல குந்திகினு கெடக்க வேணாம்."

"எங்க குடுக்கறது?"

"உள்ள. சைக்கிள் ஸ்டாண்டுல."

அவள் கை நின்றது. "முன்கேட்டு வயியாவா?" என்று கேட்டாள்.

அதற்குச் சங்கத்து செகரெட்டரியோடு இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன சரக்கு வந்தால், அதன் பிறகு முன்கேட். எழுதிக் கேட்டவர்களுக்கு ஏமாற்றம் என்று புகார் வந்தால் பின்கேட்டும் கிடையாது. வருகிறவர் பேரும் வந்த காரியமும் வாட்ச்மேன் நோட்டில் ஏற வேண்டும். பத்து வருஷமாக அந்த நோட்டில் மீன்காரி பேர் ஒன்றுகூட ஏறியதில்லை.

சேதியைக் கேட்டதும் தேசம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நோட்டுல எம் பேரா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உயிரோட எறா, துள்ளத் துள்ளன்னு எய்து. ஐஸ் கெடையாதுன்னு கொட்ட எய்த்துல எய்து."

எழுதினேன். 'ஞாயிறுதோறும் உயிர் எறா, காத்திவாக்கம் தேசம்மா.' சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கணக்கை முடித்தபோது முப்பத்தோரு வீடு, இருபத்தெட்டு கிலோ. கலீலுல்லாவே எனக்கும் சேர்த்து டீ வரவழைத்தார். "மேடம், என் வூட்டுக்கும் ஒரு கிலோ போட்டுக்கோங்க" என்றார். இருபத்தொன்பது.

இரண்டு மணிக்குப் பின்கேட்டுக்கு வெளியே தேசம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது, பட்டியலை நான் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. படித்தேன். ஒரு தரம்தான். அப்படியே திருப்பிச் சொன்னாள். மூணாவது மாடி கைக்குழந்தை வீடு, சின்ன எறா அரைக் கிலோ, உரித்தது. நாய் வளர்க்கிற வீடு ஒரு கிலோ, தலையோடு. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு முக்கால். முப்பத்திரண்டு வீட்டையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு பேஜாரு கீது மே. நாளிக்கு வல நம்மளுது இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். முகத்துவாரத்தில் எறா நன்றாக விழுகிற இடம் ஒன்றுதான். தெற்குக் குப்பம், நடுக் குப்பம், வடக்குக் குப்பம் மூன்றும் முறை வைத்து ஆளுக்கொரு நாள் அங்கே வலை கட்டும். அதற்குப் பாடு என்று பேர். ஞாயிற்றுக்கிழமை தேசம்மாவின் தெற்குக் குப்பத்துப் பாடு, கணக்குச் சரிதான். ஆனால் நேற்று வெள்ளிக்கிழமை நடுக் குப்பத்தில் ஒரு பெரியவர் செத்துவிட்டார். ஒரு குப்பத்தில் சாவு விழுந்தால் மூன்று குப்பமும் வலையை இறக்காது. அதற்காக அந்த நாளுக்கு உரியவன் பாட்டை இழக்கவும் மாட்டான். எல்லாப் பாடும் ஒரு நாள் தள்ளிப்போகும். நடுக் குப்பத்து வெள்ளி சனியானது. வடக்குக் குப்பத்துச் சனி ஞாயிறானது. தேசம்மாவுக்கு வந்தது திங்கள்.

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன்.

"நேத்து சாவூட்ல இருந்தேன். அங்க குந்திகினு எறாவ நெனைப்பாங்களா?"

திங்கட்கிழமை யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், செகரெட்டரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். விடிகாலையில் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போய் ஐஸ் எறா முப்பது கிலோ வாங்கிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். கோபத்தில் புத்தி அப்படித்தான் போகும்.

தேசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உயிரோடன்னு எய்தினது யாரு? நீ. எம் பேரப் போட்டு எய்தின. ஐஸ்ல கெடந்த எறாவ என் கையால குடுத்தேன்னா, அந்த நோட்டுல எம் பேரு இன்னாத்துக்கு?"

"அப்ப வடக்குக் குப்பத்து எறாவ வாங்கி நீயே குடேன்" என்றேன். அதுவும் முடியாதாம். எந்தக் குப்பத்துப் பாடோ அந்தக் குப்பத்துப் பெண்கள்தான் எறாவை எடுப்பார்கள். மற்றவள் கூடையோடு அந்தக் கரையில் காலை வைத்தால் தலைமுடி மிஞ்சாது.

"எய்ந்திரு" என்றாள். "நீலா வூட்டுக்குப் போலாம்."

நீலா வடக்குக் குப்பத்து மீன்காரி. குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் விற்கிற தெரு என்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேசம்மாவின் தெருவில் நீலா கூடையை இறக்கிவிட்டாள். நடுத்தெருவில் குடுமிப்பிடி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவளிடம் போய் ஆர்டரைத் தூக்கிக் கொடுப்பதா?

"அக்கா, நல்லா யோசிச்சிக்கோ. நாளைக்கு நல்லபடியா நடந்துச்சின்னா கேட்டு அவளுதாயிடும். நீ திரும்பவும் குப்பத்தொட்டியாண்டதான் குந்தணும்."

"தெர்யும். கம்னு வா."

காத்திவாக்கத்துக்கு பஸ்ஸில் போனோம். நீலா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சோப்பை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தேசம்மா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"சொல்லு அவளாண்ட. நாளிக்கு இருபத்தொம்பது கிலோ வோணும்னு."

நான் நீலாவிடம் சொன்னேன். நீலாவும் என்னையே பார்த்துச் சொன்னாள். "கேளு அவள. இதுல இன்னா சூது கீதுன்னு."

"சூதும் இல்ல வாதும் இல்லன்னு சொல்லு. பாடு அவுங்களுது, எறாவும் அவுங்களுதுதான்."

"அப்ப அவளுக்கு இன்னா ஆதாயமாம்?"

"வார்த்த குடுத்துட்டேன்னு சொல்லு."

ஓர் அடி தூரத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரி வேலை பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நீலா துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "எந்த வூட்டுக்கு எத்தினி, ஆருக்குத் தெர்யும்?"

நான் பட்டியலை நீட்டினேன். அவளுக்கும் எழுத்து தெரியாது. தேசம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு மூணாவது மாடியிலிருந்து ஆரம்பித்தாள். பத்தாவது வீட்டிலேயே நீலா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எனக்கு அவ்ளோ மண்ட கெடையாது." இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேராகத் தேசம்மாவைப் பார்த்து அவள் பேசியது அதுதான். "நீயே வந்து சொல்லு."

அன்றிரவு நான் தூங்கவில்லை, அதைச் சொல்லவே வேண்டாம். நீலா வராமல் போனால்? வந்து, இனிமேல் என்னிடமே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டால்? காலை ஆறரைக்கே முன்கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேன் சுயம்பு புதுப் பேனா எடுத்து வைத்திருந்தார். செகரெட்டரி வாக்கிங் போகிற சாக்கில் கேட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே சைக்கிள் ஸ்டாண்டில் பாத்திரங்களோடு கூட்டம் சேர்ந்துவிட்டது. கலீலுல்லா டிபன் கேரியரோடு வந்திருந்தார்.

சரியாக ஏழுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் நீலா இறங்கினாள். பின்னால் இரண்டு அலுமினிய அண்டா, வாயில் ஈரக் கோணி. சுயம்பு கோணியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு எறா துள்ளி அவர் செருப்பின் மேலேயே விழுந்தது. கூட்டம் மொத்தமும் கேட்டுக்கு ஓடி வந்துவிட்டது. ஒரு குழந்தை கைதட்டியது. செகரெட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தேசம்மா கடைசியாக இறங்கினாள். வெறுங்கை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

சுயம்பு நோட்டைத் திறந்தார். "பேர் சொல்லுங்க."

"நீலா. வடக்குக் குப்பம். எறா." எழுதினார். அண்டாவைத் தூக்க ஆள் வந்தது. நீலா நகரவில்லை. திரும்பித் தேசம்மாவைப் பார்த்தாள்.

"அவ பேரயும் எய்து."

"அவங்க ஒண்ணும் கொண்டாரலியே" என்றார் சுயம்பு. "இன்னா காரியம்னு எழுதறது?"

"முப்பத்திரெண்டு வூடும் அவ மண்டையிலதான் கீது. அவ இல்லாங்காட்டி இத்த நான் யாருக்குக் குடுக்கறது? அத்த எய்து." நீலா விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். "கீழ இன்னொரு வரியும் போட்டுக்கோ. அட்த்த ஞாயிறு தெக்குக் குப்பத்துப் பாடு. தேசம்மா. அதுக்கு அட்த்தது நடுக் குப்பம். அப்பால நான் வர்றேன்."

நானும் விரலை மடக்கிப் பார்த்தேன். மூன்று நாள் முறை, ஏழு நாள் வாரம். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை மூன்று குப்பத்துக்கும் மாறி மாறித்தான் வரும். 'ஞாயிறுதோறும் தேசம்மா' என்று நான் எழுதியது முதல் நாளிலிருந்தே நடக்காத காரியம். தேசம்மாவின் காதருகில் போய்ப் பல்லைக் கடித்தேன்.

"மூணு வாரத்துக்கு ஒருக்காதான் உன் மொறன்னு உனக்கு முன்னமே தெரியும்தானே? ஏன்கா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ பாட்டுக்குத் தட்டிக்கினு இருந்த. கேட்டு தொறந்தப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

சுயம்பு எழுதி முடித்து, நோட்டைத் திருப்பி அவள் பக்கம் காட்டினார். படிக்கத் தெரியாதவள் அந்த இரண்டு வரியையும் வெகுநேரம் பார்த்தாள். எது தன் பேர் என்று கேட்டாள். நான் தொட்டுக் காட்டினேன், ஒன்று இன்றைக்கு, ஒன்று அடுத்த வாரத்துக்கு. சேலையை உதறிச் செருகிக்கொண்டு முன்கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். சைக்கிள் ஸ்டாண்டில் நீலா தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மூணாவது மாடி கைக்கொயந்த வூடு" என்று தேசம்மா குரலெடுத்தாள். "சின்ன எறா, அரக் கிலோ. நீலா, உரிச்சிக் குடு."