ஆஸ்பத்திரிக்குப் போகிற உடுப்பு

டெட்ராய்ட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கறுப்பினப் பெண் ஒடெசா, ஆஸ்பத்திரிக்கு மட்டும் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில்தான் போவாள். வீட்டுத் துணியோடு வயிற்றுவலி என்று போன அவள் தங்கையை, போதை மாத்திரைக்காக நடிக்கிறாள் என்று திருப்பி அனுப்பினார்கள். குடல்வால் வெடித்து மறுநாளே செத்துப்போனாள்.

எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் கியாரா தலைவலியில் துடித்தபோதும் ஒடெசா அந்த வழக்கத்தை விடவில்லை.

"அம்மா, கண்ணே இருட்டுது. இப்ப உதட்டுச்சாயம்தான் குறைச்சலா?"

"பேசாமப் பூசுடி. ஆபீஸ் அடையாள அட்டையையும் மாட்டு. அங்க போய் அழுது வைக்காதே."

கிளம்பவே அரைமணி ஆயிற்று. ஆஸ்பத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற கியாராவை வெள்ளைக்கார நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கா கிளம்பினீங்க? வலி இருக்கிற மாதிரியே தெரியலையே. தண்ணி குடிச்சிட்டு வீட்ல போய்ப் படுங்க."

ஒடெசா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"ரத்த அழுத்தம் பார்க்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா. போயிடறோம்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே நர்ஸ் கியாராவின் கையில் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்ததும் டாக்டரிடம் ஓடினாள்.

வந்த டாக்டர் கியாராவை அறுவை அறைக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

ஒடெசா மகளின் உதட்டுச்சாயத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள்.