பாதிக் கனம்

வீட்டுக்கு வாஷிங் மிஷின் வந்த மறுமாதமே மூன்றாவது அறையையும் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டோம். கொடைக்கானலில் துணி துவைப்பது ஒரு கஷ்டமே இல்லை, காய வைப்பதுதான். நேற்று ஈரப் போர்வைகளை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஏறும்போது எங்கள் மாமா ஞாபகம் வந்தது. திட்டுவதற்காகத்தான் வந்தது. பாவம், நல்ல மனுஷன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொடைக்கானலில் ஒரு லாரிப் பட்டறையில் அவருக்கு வேலை. நாங்கள் இருந்தது பூண்டிக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். ரோடு மேலே, எங்கள் கேரட் தோட்டம் கீழே ஓடைப் பக்கம். கேரட்டைப் பிடுங்கி, ஓடையில் கழுவி, மூட்டை கட்டி, தலையில் வைத்துச் செங்குத்தான ஏற்றத்தில் சுமந்து ரோட்டோரம் அடுக்க வேண்டும். சந்தைக்குப் போகிற லாரி யாருக்காகவும் காத்திருக்காது. சுமக்கக் குதிரை வைத்தால் கட்டுப்படியாகாது என்பார் அப்பா. அதனால் அவருக்கு ஒரு பெரிய மூட்டை, அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் சின்ன மூட்டை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

நான் எட்டாவது படித்த வருஷம் அம்மாவின் இடுப்பு போயிற்று. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, குனிந்தால் நிமிர முடியவில்லை. இனிமேல் தலைச்சுமை கூடாது, பகலில் கொஞ்ச நேரமாவது முதுகைச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் படுத்த படுக்கையாகிவிடுவாய் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். பகலில் சாய்வதா? அதைக் கேட்டு அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழவும் செய்தாள். நான் பயந்துபோனேன்.

விஷயம் மாமா காதுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு இரும்புக் கப்பிகளும் ஒரு பெரிய கயிற்றுச் சுருளுமாக ஜீப்பில் வந்து இறங்கினார். "இனிமே எங்கக்கா தலையில ஒரு மூட்டை ஏறாது மச்சான், எழுதி வச்சுக்கங்க" என்று அப்பாவிடம் சவால் விட்டார்.

ஏற்றத்தில் இரண்டு நீளக் கம்புகளைப் படுக்கவைத்து, அவற்றின்மேல் வழுக்கி ஏற ஒரு பலகை செய்தார். ஒரு கப்பி அந்தப் பலகையில், இன்னொன்று ரோட்டோரத்துத் தைலமரத்தில். கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் கட்டி, கீழே பலகைக் கப்பியில் சுற்றி, மறுபடி மேலே மரத்துக் கப்பி வழியாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அப்பா கீழே நின்று மூட்டையைப் பலகையில் ஏற்றுவார். அம்மா மேலே நின்று கயிற்றை இழுப்பாள். நான் இழுத்த கயிற்றைச் சுருட்டுவேன். வெள்ளோட்டத்தில் மாமா காலிப் பலகையைக் கைநழுவ விட்டுவிட, அது இறக்கத்தில் வேகமெடுத்துப் பாய்ந்து வரப்பை உடைத்தது. அப்பா கேரட் பாத்திக்குள் குதித்துத் தப்பித்தார். மற்றபடி எல்லாம் பிரமாதம்.

பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எளிய இயந்திரங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. என் பெருமைக்குக் கேட்கவா வேண்டும்! புத்தகத்தில் படமாக இருந்தது எங்கள் தைலமரத்தில் தொங்கியது. ஒரு முழம் மூட்டை ஏற வேண்டுமானால் இரண்டு முழம் கயிறு இழுக்க வேண்டும், அதற்குப் பதிலாகக் கனம் பாதியாகக் குறையும். நானே இழுத்துப் பார்த்தேன். மூட்டை சாதுவாக மேலே வந்தது.

ஆனால் அம்மா இழுக்கும்போது மட்டும் அது பாறாங்கல்லாகிவிடும். "எப்பா... முருகா... முடியலையே..." என்று அவள் போடுகிற சத்தம் ஓடைக்கரைவரை கேட்கும். ஒவ்வொரு மூட்டையும் பாதி ஏறியதும் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"என்ன, நின்னுருச்சு? வெரசா இழு, லாரி வந்துரும்" என்று அப்பா கீழேயிருந்து கத்துவார்.

"கனம் ஆள வாங்குதுங்க. சித்த நேரம் பொறுங்க."

சொல்லிவிட்டு மரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். முகத்தில் ஒரு துளி வேர்வை இருக்காது. அம்மா பகலில் கண்ணை மூடி நான் பார்த்தது அந்த ஒரு பருவத்தில்தான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா இவ்வளவு பாடுபட்டுச் செய்து கொடுத்திருக்கிறார், இவள் இப்படி நடித்து அவர் பேரைக் கெடுக்கிறாளே என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அம்மா, இது பாதிக் கனம்தாம்மா. புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"உன் புஸ்தகம் வந்து இழுக்கட்டும். வாய மூடிட்டுக் கயித்தச் சுருட்டுடி" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

சும்மா உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் வீட்டில் பத்து சோலி காத்திருக்கும். மூச்சு வாங்குகிறவளை யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. இதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? அம்மா சோம்பேறியாகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் இடுப்பு மெல்ல நேரானதும் நடையில் இழுப்பு குறைந்ததும் என் கண்ணுக்கே தெரிந்தது.

பருவம் முடியும் தறுவாயில் மாமா தன் கைவேலையைப் பார்க்க வந்தார். அப்பா மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "மிஷின் தேவலை மாப்ளே. ஆனா உங்கக்காளுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. இதுக்குத் தலையிலயே சுமந்துரலாம்போல."

மாமாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "மூச்சு வாங்குதா? ஒத்தக் கையில இழுக்கலாமே மச்சான்! வாங்க காட்டுறேன்." அம்மா குறுக்கே வந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும்டா, மொதல்ல சாப்பிட வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவரா கேட்பார்? அப்பாவையும் ரோட்டுக்குக் கூட்டிப்போய், கீழே தயாராக இருந்த மூட்டையை இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வலது கையாலேயே இழுத்து ஏற்றிக் காட்டினார். பிறகு கயிற்றை அப்பா கையில் கொடுத்தார். அதுவரை கீழே நின்று மூட்டை ஏற்றிய அப்பா அன்றுதான் முதல்முறையாகக் கயிற்றைப் பிடித்தார்.

"அட!" என்றார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். "அடேயப்பா!"

நான் கைதட்டினேன். அம்மா மரத்தின் பக்கத்தில் அசையாமல் நின்றாள். அப்பா அவளைக் கோபமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மா பக்கமே திரும்பவில்லை. எங்கள் தோட்டத்துக்கும் கீழே, சுமந்து ஏற்ற முடியாது என்பதால் யாரும் குத்தகைக்கு எடுக்காமல் தரிசாகக் கிடந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அந்தப் பள்ளம் சும்மாதானே கெடக்கு. இன்னும் கொஞ்சம் கயிறு கெடச்சா அதுலயும் வெள்ளாமை போட்டுரலாம்ல?"

"தாராளமா மச்சான்! கயிறு என் பொறுப்பு" என்றார் மாமா.

சாப்பாட்டில் அம்மா தம்பிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீ ஏண்டா இன்னைக்குப் பாத்து வந்த?" என்று மட்டும் கேட்டாள். மாமா அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த பருவத்தில் பள்ளம் முழுக்கப் பூண்டு, மேலே எப்போதும்போல் கேரட். கம்புகள் நீண்டன, கயிறு நீண்டது. அம்மா வெள்ளனே எழுந்து கயிற்றைப் பிடித்தால் பொழுது சாய்கிறவரை விடமாட்டாள். மூட்டைக்கு மூட்டை உட்காருவது நின்றுபோனது. "கனம்" என்ற பேச்சை எடுக்கவே அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. தலையில் ஒரு மூட்டைகூட ஏறவில்லை. மாமா வாக்குத் தவறவில்லை. இடுப்பு மறுபடியும் வளைந்தது.

ஒரு சாயங்காலம் அம்மா கன்றிப்போன உள்ளங்கைகளை வெந்நீரில் முக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்காக நான் கப்பிப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். "அந்தப் படத்தக் காட்டு" என்றாள். காட்டினேன். மூட்டை, கப்பி, கயிறு எல்லாம் இருந்தன. ஈரக் கையோடு குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல கயித்த இழுக்கிறது யாரு?"

"யாருமில்லம்மா. அந்த எடத்துல அம்புக்குறி மட்டும் போட்டிருப்பாங்க."

அம்மா அந்த அம்புக்குறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குப் படம் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய் நோட்டையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துவந்து அவள் முன்னாலேயே உட்கார்ந்து, அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அம்புக்குறியை மட்டும் பெரிதாகப் போட்டு, அதே படத்தை அப்படியே வரைந்து கொடுத்தேன்.