நம்ம ஆள் எப்படி இருக்கான்?

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் பக்கத்து மிஷின் வசந்தி போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, உன் கால் டாக்டர் தவறிட்டாராம்." ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் எங்களுக்கு டாக்டர் ஜெயசீலன் அப்படித்தான். கால் ஒடிந்தவளுக்குக் கால் டாக்டர், கை ஒடிந்தவனுக்குக் கை டாக்டர். நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

ஷேர் ஆட்டோ கவிழ்ந்து என் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தபோது, பிளேட் வைத்துத் திருகு போட்டுச் சேர்த்தவர் அவர். "நான் சொல்ற வரைக்கும் அந்தக் கால ஊனி நடக்கக் கூடாதும்மா" என்றார். சத்தியமாக நான் நடக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஊன்றுகோலோடு கம்பெனிக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து தோல் தைத்தேன். மிஷின் பெடலை மிதித்தது அதே வலது கால்தான். உட்கார்ந்திருப்பவள் எப்படி நடந்தவள் ஆவாள்? ஒருநாள் உள்ளே ஏதோ 'டக்' என்றது. மாலைக்குள் கால் வீங்கிவிட்டது.

எக்ஸ்ரேயில் பிளேட் இரண்டாக உடைந்திருந்தது. ஒரு திருகும் முறிந்திருந்தது. என் அண்ணன் மேசையைத் தட்டினார். "மட்டமான பிளேட்ட வச்சி ஏமாத்திட்டீங்க!" எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். டாக்டர் கோபப்படவில்லை.

"நடந்தியாம்மா?"

"இல்ல சார்."

"வேற இன்னா செஞ்சே?"

"மிஷின் மிதிச்சேன் சார். உக்காந்துதான் மிதிச்சேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கம்பிய இப்படியும் அப்படியும் வளைச்சினே இருந்தா ஒடைஞ்சிடும்ல? பிளேட்டும் அப்படித்தான். எலும்பு சேர்றது முந்துமா, பிளேட் ஒடையறது முந்துமான்னு பந்தயம்மா இது." பிறகு அண்ணனிடம் சொன்னார்: "அவ மேல தப்பு இல்லப்பா. நடக்காதேன்னு சொன்னேன், மிதிக்காதேன்னு நான் சொல்லலியே." அண்ணன் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

இந்தத் தடவையும் சேராவிட்டால் பிழைப்பே போச்சு என்று அழுதுகொண்டேதான் மறுபடி ஆபரேஷனுக்குப் போனேன். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, வேறு பிளேட் போட்டார். முறிந்த திருகின் நுனியை மட்டும் எடுக்கவில்லை. "அத எடுக்கணும்னா நல்ல எலும்பக் குடையணும். அது பாட்டுக்கு இருக்கட்டும், உன்ன ஒண்ணும் பண்ணாது" என்றார். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் கால் சேர்ந்தது.

அதன்பின் ஒருநாள் கம்பெனிக்கே வந்து என் மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். தோல் கோணலாக ஓடி, நூல் அறுந்து, பெண்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதிலிருந்து காலொடிந்து வந்த யாரையும், "அந்தக் காலால இன்னா வேல செய்வே? செஞ்சி காட்டு" என்று கேட்காமல் அவர் விட்டதில்லை. குடியாத்தத்து நெசவாளி ஒருவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல காலால், அங்கே இல்லாத தறியை மிதித்துக் காட்டியதை நானே பார்த்தேன்.

ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்தத் திருகு நுனியைத்தான் முதலில் விசாரிப்பார். "நம்ம ஆள் எப்படி இருக்கான்?" "தூங்குறான் சார்" என்பேன்.

நேற்று அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க, வீட்டு வாசலில் நீண்ட வரிசை. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களில் பலரும் நின்றிருப்பீர்கள். நான் வலது காலை நன்றாக ஊன்றித்தான் நின்றேன். அவர் முதல் தடவை வைத்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நுனி. நான் போகும்வரை என்னோடு இருக்கும். பெட்டியருகே போனதும், வழக்கம்போல அவர் கேட்பார் என்று ஒரு கணம் காத்திருந்தேன்.

பிறகு நானே சொன்னேன். "நம்ம ஆள் நல்லா இருக்கான் சார். நீங்க தூங்குங்க."