கதவை முதுகால் திறக்கிறவர்

பெயரைச் சொல்லக் கூடாத ஒரு மனிதரைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது?

பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் அத்-பாஷி மாவட்டத்தின் நூலகத்தில், சனிக்கிழமை மதியம் கூடும் கதை வட்டத்தில், கனிஷாய் இந்தக் கேள்வியைக் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வருடம்தான் பள்ளி முடித்து, அடுத்து எங்கே போவது என்று நிலைகொள்ளாமல் இருந்த எனக்கும் தெரியவில்லை. பதிலை அவளேதான் கண்டுபிடித்தாள். நேரில் அக்கா என்றுதான் அழைப்பேன். எழுதும்போது அவள் என்றே எழுதச் சொன்னது அக்காதான்.

கனிஷாய்க்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு உரித்து, சூப் காய்ச்சி, பாத்திரம் கழுவி முடிக்க மதியம் இரண்டாகும். அதன் பிறகு பழைய உணவுப் பட்டியல் தாள்களைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத உட்காருவாள். தாளின் ஒரு பக்கத்தில் முட்டைக்கோஸ் சூப்பும் கோதுமைக் கஞ்சியும் இருக்கும். மறுபக்கத்தில் மலைக் கணவாயில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

வட்டத்தில் மொத்தம் ஏழு பேர். நடத்துபவள் நூலகர் ரக்கியா. அவளும் கனிஷாயும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அதனால் ரக்கியாவின் வாய்க்கு அவளிடம் பூட்டு கிடையாது. அந்த வசந்தத்தில் மாவட்டத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு கதைப் புத்தகம் போடுவதாக இருந்தார்கள். வட்டத்திலிருந்து ஐந்து கதைகள். பிப்ரவரி கடைசிக்குள் கொடுக்க வேண்டும். தேர்வானவர்கள் கலையரங்க மேடையில் தங்கள் கதையைத் தாங்களே வாசிக்க வேண்டும்.

கனிஷாய் அந்தப் புத்தகத்தில் வர ஆசைப்பட்டாள். தன் பெயருக்காக மட்டுமல்ல. இருபத்தோரு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி நாளில், பனியில் புதைந்த பேருந்திலிருந்து பதினோரு பேரைத் தன் பனி தள்ளும் வண்டியோடு போய் மீட்டு வந்தவர் அவளுடைய மாமனார். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி வைத்ததில்லை.

முதல் முறை அவள் வாசித்து முடித்ததும் ரக்கியா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"மூணு பக்கமா எல்லாரும் நலம் விசாரிச்சுட்டே இருக்காங்கடி. ஆடு நல்லாருக்கா, மாடு நல்லாருக்கா, குளிர் தாங்குதா. நாலாம் பக்கத்துல டீ ஊத்துறாங்க. பனி எப்பதான் சரியும்?"

"வீட்டுக்கு வந்தவங்களை நலம் கேக்காம எப்படி?"

"உன் வீட்டுக்கு வந்தா ஒரு மணி நேரம் கேளு. கதை படிக்க வந்தவனை வாசல்லயே நிக்க வெச்சுக் கேக்காத. குளிர்ல திரும்பிப் போயிடுவான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்மானாலி சிரித்தார். அவர் லாரி ஓட்டுநர். துப்பறியும் கதை எழுதுகிறவர்.

"நீ சிரிக்காத அண்ணே. உன் கதைல செத்தவனுக்கு ஏழு தலைமுறை அப்பன் பேரு சொன்ன. போகட்டும்னு விட்டேன். கொலைகாரனுக்கும் எதுக்கு ஏழு தலைமுறை? பதினாலு பேரை ஞாபகம் வெச்சுக்கறதுக்குள்ள போலீஸ்காரனே ரிட்டயர் ஆயிடுவான்."

"வம்சம் தெரியாதவன்னு அவனை யாரும் சொல்லிடக் கூடாதுல்ல?"

"கொலைகாரனையா?"

"அவனும் நம்மாளுதானே" என்றார் இஸ்மானாலி.

எங்களில் இந்தத் தவறைச் செய்யாதவர் ஒருவரும் இல்லை. முன்னோரில் தொடங்கி, நலம் விசாரித்து, தேநீர் ஊற்றி, கடைசியில் உள்ளங்கைகளை ஏந்தி ஆசி சொல்லி, முகத்தில் ஒற்றி முடிப்போம். சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்த பழக்கம் அப்படியே தாளில் இறங்கிவிடும். முடிவில் ஆசி எழுதக் கூடாது என்று ரக்கியா ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வாள்.

இரண்டாம் முறை கனிஷாய் கொண்டுவந்த கதை முதல் வரியிலேயே பனியில் தொடங்கியது. நலம் விசாரிப்பு இல்லை, ஆசியும் இல்லை. நாயகனுக்குச் சமத் என்று பெயர் வைத்திருந்தாள். ரக்கியா கேட்டுக்கொண்டே வந்தாள். முடிந்ததும் நேராகக் கேட்டாள்.

"இந்த சமத்ங்கறவரு யாரு?"

"என் மாமனார்தான்."

"உன் மாமனாரை எனக்குத் தெரியாதா? எங்க அப்பாவோட ரோட்டு வேலைக்குப் போனவரு. இந்த ஆளு பயப்படல, களைச்சுப் போகல, ஒரு வார்த்தை திட்டல. தபால் தலைல போடற படம் மாதிரி இருக்காரு. தபால் தலைக்குப் பசிக்குமாடி?"

"பேரைத்தானே மாத்தினேன்."

"பேரோட சேத்து ஆளையே மாத்திட்ட. உண்மைப் பேரைப் போட்டு எழுது. காகிதந்தானே, யாரு காதுல விழப்போகுது?"

அப்போதுதான் கனிஷாய் அந்தக் கேள்வியைக் கேட்டாள். எங்கள் ஊரில் புகுந்த வீட்டாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. அவளும் சொன்னதில்லை. சொல்லாத பெயரை எழுதலாமா, எழுதாமல் அந்த மனிதரைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது?  கடைசித் தேதிக்கு மூன்று வாரங்கள் இருந்தன.

வீட்டில் ஒருநாள் அவள் முயன்று பார்த்தாள். பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். அதற்கு மேல் கை நகரவில்லை. இருபத்தோரு வருடங்கள் வாய்க்கு வராத பெயர் கைக்கு மட்டும் எப்படி வரும்? தாளைச் சுருட்டி அடுப்பு பற்றவைத்தாள்.

மறுநாள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது ஓரகத்தி போன் செய்தாள்.

"அக்கா, சர்க்கரைத் திருடரு அங்க வந்தாரா?"

"வரலியே. தும்மிட்டுப் பேசறவரு வீட்டுல பாரு. ரெண்டு பேரும் சேந்து மீன் பிடிக்கப் போயிருப்பாங்க."

போனை வைத்த பிறகு கனிஷாய் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சர்க்கரைத் திருடர் கடைசிக் கொழுந்தன். டப்பாவிலிருந்து சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். தும்மிவிட்டுப் பேசுகிறவர் கணவரின் அண்ணன். எதைச் சொல்வதற்கு முன்னும் ஒரு தும்மல். கல்யாணமாகி வந்த முதல் மாதம் முழுக்க அவள் பேசாமல் ஒவ்வொருவரையும் பார்த்தாள். பார்த்துத்தான், சொல்லக் கூடாத பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு பெயர் வைத்தாள். ஒருவரிடம் இருப்பதை இன்னொருவருக்கு வைக்க முடியாது. வைத்தால் வீட்டில் யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒருவருக்கும் புரியாது.

மாமனாருக்கு அவள் வைத்த பெயர், கதவை முதுகால் திறக்கிறவர். இரண்டு கையிலும் நிலக்கரி வாளி இருக்கும். கதவில் முதுகைக் கொடுத்துத் தள்ளித் திறந்து, பின்னோக்கியே நடந்து உள்ளே வருவார். வீட்டுக்குள் வரும்போதும் அவர் முகம் வெளியேதான் இருக்கும், கணவாய்ப் பக்கம்.

"இருபத்தோரு வருஷமா என்கிட்டயே இருந்திருக்கு" என்று கனிஷாய் உருளைக்கிழங்குகளிடம் சொன்னாள்.

அன்று மதியமே சமத் என்ற பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு எழுதத் தொடங்கினாள். கதவை முதுகால் திறக்கிறவர் என்று எழுதியதும் வாளி வந்தது. வாளியோடு நிலக்கரித் தூசி படிந்த விரல்கள் வந்தன, இருமல் வந்தது, வண்டி கிளம்பாவிட்டால் அவர் திட்டும் திட்டும் வந்தது. பத்துப் பக்கங்கள் நான்கு நாளில் முடிந்தன. அதோடு அவள் எழுத நினைத்திராத ஒன்றும் வந்து நின்றது.

அந்த ஜனவரி நாள், அவளுக்குக் கல்யாணமாகி நான்காம் நாள். புது மணப்பெண்ணுக்காக வீட்டுக்குள் கட்டும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் கணவாய்க்குப் போன மாமனார் நண்பகலில் திரும்பி வந்தார், தனியாக. அன்று அவர் கையில் வாளி இல்லை. ஆனாலும் முதுகால்தான் கதவைத் திறந்தார். அடுப்பருகே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். "ரெண்டு தடவை பனி சரிஞ்சுது. இனி நான் போகமாட்டேன்" என்றார். கணவாய்ப் பக்கம் திரும்பாமல் அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்ததை, திரையின் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். மாமியார் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னது திரைக்குப் பின்னால் சரியாகக் கேட்கவில்லை. பிறகு பூட்ஸின் சத்தம் படிகளில் இறங்கிப் போனது. பொழுது சாய்வதற்குள் அவர் வண்டிக்குப் பின்னால் பேருந்து ஊருக்குள் வந்தது.

ஊருக்குத் தெரிந்தது பேருந்து வந்தது மட்டும். நடுவில் அவர் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியதை அவளையும் மாமியாரையும் தவிர யாரும் அறியமாட்டார்கள். அவள் அதை எழுதிவிட்டாள்.

ரக்கியா படித்துவிட்டுத் தாள்களை அடுக்கித் தட்டினாள்.

"இப்பத்தான் இவரு எங்கப்பாவோட வேலைக்குப் போனவரு. முதல் கதையா இது போகுது. அந்த பூட்ஸ் இல்லன்னா மறுபடியும் தபால் தலைதான், ஞாபகம் வெச்சுக்கோ. மேடையில வாசிக்கறப்ப உங்க அபா முன்வரிசைல இருப்பாங்க."

கனிஷாய்க்கு இடித்தது அந்த முன்வரிசைதான். மாமியாருக்கு எழுபத்தாறு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவர் அபாதான். எங்கள் ஊரில் இறந்தவரைப் புகழ்வார்கள், அல்லது பேசாமல் இருப்பார்கள். ஊர் முன்னால், தன் கணவர் பயந்தார் என்று மருமகள் வாயால் அபா கேட்க வேண்டுமா? அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் அபாவின் முகம் நிமிர்ந்திருக்கும், கதை செத்துப்போகும். வைத்தால் கதை பிழைக்கும், அபா என்ன ஆவார் என்று தெரியாது.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், அபா பொரிப்பதற்காக மாவு பிசைந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அபா, நான் ஒண்ணு எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?"

"கை மாவா இருக்கு, காது சும்மாதானே இருக்கு. படி."

வாசிக்க வாசிக்க, அபாவின் கைகள் முதலில் மெதுவாயின. பூட்ஸ் வந்த இடத்தில் நின்றுவிட்டன. கனிஷாய் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் முடித்தாள். அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது.

"ரெண்டு பூட்ஸும் இல்ல" என்றார் அபா.

"என்ன அபா?"

"இடதை மட்டுந்தான் கழட்டினாரு. வலது பனியில இறுகிக் கழலல. நான் உக்காந்து இழுத்துப் பாத்தேன். நீ திரைக்குப் பின்னாடி இருந்த, உனக்கு என்ன தெரியும்."

கனிஷாய் பென்சிலை எடுத்துத் திருத்தினாள்.

"இன்னொண்ணு. கதைல நான் என்ன பண்றேன்?"

"அடுப்புக்கிட்ட நிக்கறீங்க."

"நிக்கறேனா? பத்துப் பக்கமும் நின்னுட்டேவா இருக்கேன்? கால் வலிக்காதா எனக்கு?" அபா மாவைத் தள்ளி வைத்தார். "வலதைக் கழட்ட முடியலன்னதும் இடதை எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டது யாருன்னு நெனைக்கற? 'ஒரு பூட்ஸ் போகலாம்னுது. நீங்களும் கிளம்புங்க'ன்னேன். முறைச்சாரு. டீயைக் குடுத்தேன். குடிச்சாரு. போனாரு. பயந்தாரு, ஆமா. பயப்படாதவன் அந்த மலையைப் பாக்கலைன்னு அர்த்தம். பயந்துட்டுப் போனாரு. அதை எழுது."

"ஊர்ல எதாவது சொன்னா?"

"பனியில மாட்டின அந்தப் பதினோரு பேரும் சொல்லட்டும், கேக்கலாம்." அபா எழுந்து எண்ணெய்ச் சட்டியைக் கவனிக்கப் போனார். அங்கிருந்தே, "அவருக்கு நீ வெச்ச பேரு அவருக்குத் தெரியும். கடைசி வருஷம் கையில ஒண்ணும் இல்லாதப்பவும் முதுகாலதான் திறந்தாரு. 'மருமக வெச்ச பேரு, காப்பாத்தணும்ல'ன்னாரு" என்றார்.

கனிஷாய் அந்த வரியை உடனே எழுதிக்கொண்டாள். 

மே மாதத்தில் கலையரங்கம் நிறைந்திருந்தது. புத்தகத்தில் அவளுடையதுதான் முதல் கதை. இஸ்மானாலியுடையது நான்காவது. கொலைகாரனுக்கு ஏழில் ஒரே ஒரு தலைமுறையை மிச்சம் வைத்திருந்தார்.

கனிஷாய் சமையலறை வேலைக்குப் போகும்போது கட்டும் அதே தலைத்துணியோடு மேடை ஏறினாள். முதல் வரியை வாசித்தாள். ஒரு மனிதர் இரண்டு நிலக்கரி வாளிகளோடு, முதுகால் கதவைத் திறந்து வந்தார். பின்வரிசையில் ஒரு கிழவர், பழைய சாலைப் பணியாளர், தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு பெயரைச் சொன்னார். அது வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்து வந்தது. அரங்கம் முழுக்க அந்தப் பெயர் இருந்தது, கனிஷாயின் வாயில் மட்டும் இல்லை. அவள் கதையில் இல்லாததால் நானும் இங்கே எழுதவில்லை.

 கதையில் அபா இடது பூட்ஸை மாட்டிவிட்டபோது, முன்வரிசையில் இருந்த அபாவைப் பார்க்க எல்லோரும் தலையை நீட்டினார்கள். அபா நேராக உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டில் சம்பந்தியம்மாள் உட்காருவது போல.

படிகளில் பூட்ஸ் சத்தம் இறங்கும் இடத்தில் கதை முடிந்தது. ஆசி எதுவும் இல்லை. கனிஷாய் தாளை மடித்தாள். கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அரங்கம் இருந்தது. அப்போது அபா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏந்தினார். பக்கத்தில் இருந்தவர் ஏந்தினார். பிறகு அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஏந்தி, முகத்தில் ஒற்றிக்கொண்டார்கள்.

கீழே இறங்கி வந்தவளிடம் ரக்கியா சொன்னாள், "முடிவுல ஆசி போடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"நான் எழுதலியே" என்றாள் கனிஷாய்.

ரக்கியாவின் கண்ணாடி நனைந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் காலை கனிஷாய் வழக்கம்போல உருளைக்கிழங்கு உரித்தாள். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண், இரண்டு கையிலும் சூப்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு அறைக் கதவை முதுகால் தள்ளித் திறந்தாள். திறந்துவிட்டு, பார்த்தீர்களா என்பது போல இவளைப் பார்த்தாள்.

இதைப் படித்தவர்கள் கதை எழுத நினைக்கும் யாரிடமாவது சொல்லுங்கள். கனிஷாய் என்ற பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, தாளின் பனிப் பக்கத்தில் எழுதும் சமையல்காரி என்று சொல்லுங்கள், போதும். இடது பூட்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள்.