சாலமோன் அண்ணாச்சி கலந்து வைத்த மாவு

தையல் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமெடுத்துக்கொண்டிருந்த காலை நேரத்தில் சாலமோன் அண்ணாச்சியின் மனைவி புஷ்பம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சொல்லுங்கக்கா" என்றேன்.

"அவிய போயிட்டாவ தம்பி" என்றார்.

எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் உள்ளே போய் சாம்பிள் பிரிவில் இருந்தவர்களிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. கட்டிங் மேசைப் பக்கம் போய்ச் சும்மா நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவர்கள் மெஷின்களை நிறுத்திவிட்டார்கள்.

நெருப்பெரிச்சல் பகுதியிலுள்ள எங்கள் பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவை நடத்தியவர் சாலமோன் அண்ணாச்சி. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் காட்டிலிருந்து இளவயதில் இங்கே வந்தவர். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை செய்திருக்கிறீர்கள். சாம்பிளைப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் பையர் வருவதற்குச் சற்று முன்னால், ஒரு சட்டையில் காலர் கோணலாகத் தைத்திருப்பது தெரிந்து எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்த அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கலாம். அண்ணாச்சி கத்தவில்லை. தைத்த பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தானே தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். "பிரிச்சுத் தைக்கிறது ஒண்ணும் அவமானம் இல்ல பிள்ள. பிரிக்காம அனுப்புறதுதான் அவமானம்" என்றார். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

அந்த மனிதரின் வீட்டுக்குள் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அடுத்த தெருவில் குடியிருந்ததால் எனக்குத் தெரியும்.

அவருக்கு ஒரே மகள், ஜெபா. இருபது வயது தாண்டியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொன்னதை அண்ணாச்சி யாரிடமும் மறைத்ததில்லை. "அவ வேற மாதிரி, அவ்வளவுதான்" என்பார். பாலும் ஒரே வகை பிஸ்கட்டும் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். இட்லியைப் பார்த்தாலே தட்டைத் தள்ளிவிடுவாள். உடம்பு ஊசி மாதிரி இளைத்துக்கொண்டே போனது.

நம் தொழிலில் வாஃபிள் என்றால் துணிதான். சின்னச் சின்னச் சதுரக் குழிகளாகப் பின்னி வருகிற துணி. அதில் மிஞ்சும் துண்டுகளை அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்துப் போவார். ஜெபா ஒவ்வொரு குழியாக விரல் வைத்து நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பாள். ஒருமுறை அவளை ஊருக்குள் கூட்டிப்போனபோது, ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அதே குழிகளோடு ஒரு தின்பண்டம் இருந்தது. அதற்கும் வாஃபிள் என்றுதான் பெயர். ஜெபா அங்கேயே நின்றுவிட்டாள். வாங்கிக் கொடுத்தார். விரலால் குழிகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு மூலையைக் கடித்தாள். "முழுசையும் தின்னுட்டா தம்பி" என்று மறுநாள் அண்ணாச்சி என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த வாரமே அதைச் சுடுகிற வாஃபிள் மெஷின் வாங்கிவிட்டார். கடையில் கிடைத்த மாவு முழுக்க மைதாவும் சர்க்கரையும். அதைத் தின்று மலம் கட்டி அவள் துடித்தாள். அதன்பிறகுதான் அவரே மாவு தயாரிக்க ஆரம்பித்தார். கோதுமை, கம்பு, கேழ்வரகு, கொஞ்சம் பாசிப்பருப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து ஆறவைத்து, ஞாயிற்றுக்கிழமை மில் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பார். முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் அந்த நெடி மாவில் ஏறிவிடும், ஜெபா தொட மாட்டாள். தவிட்டை நீக்காமல் அரைத்து, பால் பவுடர், நாட்டுச்சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடர் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்து டப்பாவில் அடைத்துவைப்பார். காலையில் முட்டையும் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிக் கலக்கினால் போதும். எழுந்ததும் தட்டு முன்னால் வராவிட்டால் ஜெபா சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். "காலையில யோசிக்கக் கூடாது தம்பி. யோசனையெல்லாம் ஞாயித்துக்கெழமையே முடிச்சிரணும்" என்பார் அண்ணாச்சி. எவ்வளவு அவசர ஷிப்மென்ட் இருந்தாலும் அவர் கையால் ஊட்டிவிட்ட பிறகுதான் கம்பெனிக்கு வருவார். வேறு யார் கையிலும் அவள் வாங்க மாட்டாள், அம்மா கையில்கூட.

போன வருடம் அவர் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. கோயம்புத்தூரில் பார்த்தார்கள், முற்றிவிட்டது என்றார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்தில் அவர் செய்தது, மூட்டை மூட்டையாகத் தானியம் வாங்கியதுதான். நானும் சேர்ந்து வறுத்துக் கொடுத்தேன். குளிர்பெட்டி நிறைந்த பிறகு, மிச்ச டப்பாக்களைப் பரண்மேல் அடுக்கினோம். அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

வெயில் காலத்தில் பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கித் திறந்தார். சிக்கு வாடை அடித்தது. தவிட்டோடு அரைத்த மாவு, அதிலும் கம்பு. அந்தச் சூட்டில் கெட்டுப்போயிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தோம். எல்லாம் அப்படித்தான். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முன்கூட்டியே செஞ்சு வைக்கலாம் தம்பி. ரொம்ப முன்கூட்டிச் செய்ய முடியாது போல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மாவைச் சேர்த்துவைக்கவில்லை. வேறொன்று செய்தார். தினமும் ஜெபா எழுவதற்கு முன்பே வீட்டைவிட்டு வெளியேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் இல்லாதபோது புஷ்பம் அக்கா வாஃபிள் சுட்டுத் தட்டில் வைக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதல் நாள் ஜெபாவின் அலறல் எங்கள் வீடுவரை கேட்டது. அண்ணாச்சி எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போங்கண்ணாச்சி" என்றேன்.

"இன்னைக்கிப் போனா நாளைக்கும் போவணும் தம்பி. அதுக்கடுத்து?" என்றார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி சுமதி, "ஏனுங்ணா, டீ ஆறிப்போச்சுங்க. வேற போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டாள்.

பல நாட்கள் அவள் பட்டினி கிடந்தாள். புஷ்பம் அக்காவின் கையில் கடிபட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அக்காவே ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்று, "போதும், வந்து நீங்களே குடுங்க. என்னால பாக்க முடியல" என்று அழுதார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு வர மறுத்துவிட்டார். நானே அவர்மேல் கோபப்பட்டேன்.

கடைசியில் ஒரு காலையில் அவருக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. கேட்டுவிட்டு வைத்தார். "சாப்ட்டுட்டாளாம்" என்றார். பிறகு, "என்னத் தேடலியாம்" என்றார். தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சுமதி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று காலை கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணாச்சி இருந்தார். சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள். ஜெபா எழுந்த சத்தம் கேட்டதும் புஷ்பம் அக்கா பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து சமையலறைக்குப் போனார். மாவைக் கலந்து வாஃபிள் சுட்டார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். உள்ளறையில் ஜெபா கட்டிலில் உட்கார்ந்து, முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். கூடத்துப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"பாவம், பிள்ளைக்கி ஒண்ணுமே தெரியல" என்றார் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா.

புஷ்பம் அக்கா காலித் தட்டோடு நின்றார். "தெரியக் கூடாதுன்னுதான மதினி, இத்தன மாசமா அவிய காலையில வீட்ட விட்டுப் போனாவ" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

இப்போது மாவை அக்காதான் அரைக்கிறார். ஜெபா சாப்பிடுகிறாள். பக்குவமெல்லாம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. என்னிடம் இருப்பவை, மகள் பசியோடு அலறுவதைக் கேட்டுக்கொண்டு அவர் எங்கள் நாற்காலியில் எழாமல் உட்கார்ந்திருந்த காலைகள். இதை ஜெபாவிடம்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்கு எட்டுமா என்று தெரியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.