கழுத்தில் கயிறில்லாத பூனை

அறுபதுகளின் கடைசியில் தர்மபுரிப் பக்கம் கடத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை போட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுமாக வந்து இறங்கினேன். இறங்கிய வாரமே மாறுதல் கேட்டு மனு எழுதினேன். பிறகு மாதம் ஒரு மனு என்று வழக்கமாகிவிட்டது. "எந்தூருங்க டீச்சர்?" என்று யார் கேட்டாலும் "திருநெல்வேலி" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவேன். அதற்குமேல் பேச இடம் கொடுத்ததில்லை. திமிர்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

விவசாயக் குடும்பம் ஒன்றின் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்தால் திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். சனிக்கிழமை துணி துவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா குடும்பத்தோடு மாதா கோயிலுக்குப் போய்விட்டால் வீடே ஓய்ந்துவிடும். காய்ந்த துணியை எடுத்து மறுபடி மடிப்பேன். தனிமை என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கி ஒரு பூனை வந்தது. சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடுகள். இடது காதில் ஒரு கிழிசல். மோர்ச்சோறு வைத்தேன். மறுநாளும் வந்தது. ஒரு மாதத்தில், தலைமையாசிரியர் என்னிடம் சிடுசிடுப்பதையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முக்கியமான இடங்களில் கண்ணை மூடிக்கொள்ளும். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் தெருவில் பூனைக்குச் சட்டம் உண்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பூனை வளர்க்கிற வீடு அதன் கழுத்தில் கயிறு கட்ட வேண்டும். கயிறு கட்டிய பூனைமேல் யாரும் கல்லெறியக் கூடாது. அது உருட்டிய பாலுக்கும் தூக்கிய கருவாட்டுக்கும் கட்டிய வீடே பொறுப்பு. குட்டி போட்டால் சந்தையில் விட்டுவிட்டு நழுவக் கூடாது. கேட்டு வாங்குகிற வீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். கயிறில்லாத பூனை தப்புச் செய்தால் குழாயடியில் மூன்று தடவை கேட்பார்கள். என்னுது என்று யாரும் சொல்லாவிட்டால் கோணிப்பையில் போட்டு, சேலம் போகிற லாரியில் ஏற்றி, தொப்பூர்க் கணவாயில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து எந்தப் பூனையும் திரும்பி வந்ததில்லை.

"கயித்தக் கட்டிப்புடுங்க டீச்சர். மொதல்ல பூனைக்கு, அப்புறம் உங்களுக்கு ஒண்ணு பாத்துக்கலாம்" என்று வீட்டுக்காரம்மா சிரிப்பார். கல்யாணப் பேச்சு எனக்குப் பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனாலும் சந்தையில் ஒரு நீலக் கயிறு வாங்கினேன். வாங்கி, பெட்டிக்குள் வைத்தேன். கட்டவில்லை. கட்டினால் அது கடத்தூர்ப் பூனை, நான் கடத்தூர்க்காரி. மாறுதல் ஆர்டர் எந்த நாளும் வரலாமே.

ஒரு வியாழக்கிழமை காலை வீட்டுக்காரம்மாவின் கோழிக்குஞ்சு ஒன்றைப் பூனை கவ்விவிட்டது. கவ்வியதை நானே பார்த்தேன். வீட்டுக்காரம்மா பூனையைக் கூடை போட்டுப் பிடித்து, கூடையோடு குழாயடிக்குக் கொண்டுவந்தார். நான் குடத்தோடு நின்றிருந்தேன்.

"ஆருதுங்க இந்தப் பூனை?"

இரண்டாம் தடவை கேட்டபோது என் பக்கம் பார்த்துக் கேட்டார். மூன்றாம் தடவை கேட்பதற்கு முன்னால் கூடையை என் காலடியில் இறக்கி வைத்தார். நான் குடத்தில் தண்ணீர் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைந்து வழிந்தபிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடைக்குள்ளிருந்து அது கத்தியது. எனக்குப் பழக்கமான கத்தல்தான், சோறு கேட்கிற கத்தல்.

சாயங்காலம் வந்து பழக்கதோஷத்தில் மோர்ச்சோறு பிசைந்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது வீட்டுக்காரம்மா வந்தார்.

"லாரி மத்தியானமே போயிருச்சுங்க டீச்சர். என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு குஞ்சுக்கு ஒரு குஞ்சு, அதோட முடிஞ்சுதுங்க."

"தெரிஞ்சே ஏன் கேட்டீங்க?"

"நாங்க சொன்னா செல்லாதுங்களே. நீங்க எப்பிடியும் ஊருக்குப் போறவங்க, வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். தட்டை வாங்கிக்கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டினார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அழுதேன்.

சனிக்கிழமை துணி துவைக்கவில்லை. தர்மபுரி போய், சேலம் பஸ் பிடித்து, தொப்பூரில் இறங்கினேன். சாலையோரம் லாரிகள் வரிசையாக நின்றன. சாப்பாட்டுக் கடை ஒவ்வொன்றின் பின்னாலும் எலும்புக்குக் காத்திருக்கும் பூனைகள். எதன் காதிலும் கிழிசல் இல்லை. கூப்பிடலாமென்றால் அதற்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை. கடைசிக் கடையில் இலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நான் குனிந்து குனிந்து தேடுவதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா தேடறீங்க?"

அடையாளம் சொன்னேன்.

"கழுத்துல கயிறு இருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்ப ஆருதுன்னு எப்பிடிங்க தெரியும்?"

"என்னுது" என்றேன். இரண்டு நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. பையிலிருந்து நீலக் கயிற்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். "எப்பவாவது கண்ணில் பட்டால் இதைக் கட்டிவிடுங்கள். கோழிக்குஞ்சு தூக்கினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்."

அவர் சிரிக்கவில்லை. கயிற்றை வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

"சொல்லி அனுப்பறேனுங்க. நீங்க எந்தூருங்க?"

"கடத்தூருங்க" என்றேன்.